21 ஷில்லிங் கணக்கு

1948 ஜூலை 5ஆம் தேதி பிரிட்டனில் இரண்டு சட்டங்கள் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. ஒன்றை உலகம் அறியும்: தேசிய சுகாதாரச் சேவை. என்.எச்.எஸ். என்று சுருக்கி அந்நாட்டார் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்வது. மருத்துவமனையில் யார் படுத்தாலும், எத்தனை நாள் படுத்தாலும் காசு கிடையாது. இன்னொன்றைப் பற்றி வெளியே பேச்சே இல்லை. அதன் பெயர் தேசிய உதவிச் சட்டம். பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியோருக்கு உள்ளாட்சி மன்றங்கள் இல்லம் நடத்த வேண்டும் என்றது அது. ஆனால் இலவசமாக இல்லை. அன்றைய ஓய்வூதியம் வாரத்துக்கு 26 ஷில்லிங். அதில் 21 ஷில்லிங்கை இல்லத்துக்குக் கட்டிவிட்டு, மிச்சம் 5 ஷில்லிங்கைக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். வசதி இருப்பவர் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

இரண்டு சட்டங்களுக்கும் பொறுப்பானவர் ஒரே அமைச்சர், அனைரின் பெவன். பழைய ஏழை விடுதிகளின் அவமானம் ஒழிய வேண்டும், புதிய இல்லங்கள் ஓட்டல் மாதிரி இருக்க வேண்டும், விருந்தாளி பணம் கட்டித் தங்குவதில் என்ன இழிவு என்பது அவருடைய வாதம். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த நல்லெண்ணமே ஒரு கோட்டைக் கிழித்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மூதாட்டிக்கு எலும்பு கூடிவிட்டது, ஆனால் தனியாக மாடிப்படி ஏற முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் வார்டில் இருக்கும்வரை செலவு என்.எச்.எஸ்ஸுக்கு. இல்லத்துக்குப் போனால் அவருக்கும் உள்ளாட்சி மன்றத்துக்கும். டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிய பிறகும் படுக்கை காலியாகாமல் கிடக்கும் கதை, பிரிட்டனில் பெரும்பகுதி இந்தக் கோட்டில்தான் சிக்கிக் கிடக்கிறது.

ஆனால் கதை 1948இல் தொடங்கவில்லை.

1895இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணி வேலைக்குச் சேர்ந்தார். பதவியின் பெயர் ஆல்மனர். அவரை அனுப்பியதும் சம்பளம் கொடுத்ததும் அறநிறுவனக் கழகம் என்ற அமைப்பு. வேலை என்னவென்றால், காசு கட்டக் கூடியவர்கள் ஏழை வேடம் போட்டு இலவச வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்களா என்று கண்டுபிடிப்பது. சுருக்கமாகச் சொன்னால் வாசற்படிக் காவல். உட்கார்ந்து பேசத் தொடங்கிய ஸ்டூவர்டுக்கு ஏமாற்றுக்காரர்களைவிட இன்னொரு கூட்டம்தான் அதிகம் கண்ணில் பட்டது. மருந்து வாங்கிப் போனாலும் சாப்பாட்டுக்கு வழியில்லாததால் நோய் தீராமல் திரும்பத் திரும்ப வருபவர்கள் அவர்கள். காவலுக்கு வந்தவர், வீட்டுக்குப் போகிறவருக்கு வழி தேடும் வேலையில் இறங்கினார். மற்ற மருத்துவமனைகளும் ஆல்மனர்களை வைத்துக்கொண்டன. இன்றைய மருத்துவ சமூகப் பணியாளரின் மூதாதை இவர்தான்.

அந்தக் காலத்தில் நல்ல மருத்துவமனைகள் நாள்பட்ட நோயாளியைச் சேர்த்துக்கொள்வதில் கறாராக இருந்தன. குணமாகக் கூடியவருக்குத்தான் இடம். மற்றவர்கள் போய்ச் சேர்ந்தது 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் நாடெங்கும் பரப்பிய ஏழை விடுதிகளில். அவற்றை ஒட்டியிருந்த நோயாளிக் கூடங்களில். அங்கிருந்து டிஸ்சார்ஜ் என்ற பேச்சே இல்லை. போனவர் பெரும்பாலும் சவப்பெட்டியில்தான் வெளியே வந்தார்.

1929ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கூடங்களைக் கவுன்டி மன்றங்களின் கையில் கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1935இல், லண்டனுக்கு மேற்கே ஐல்வொர்த்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை பக்கத்து ஏழை விடுதியின் நோயாளிகளையும் ஏற்றுக்கொண்டது. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மார்ஜரி வாரனிடம் வந்தது. 1897இல் பிறந்தவர், ராயல் ஃப்ரீயில் படித்தவர், அறுவை மருத்துவர். முதியோருக்கென்று தனி மருத்துவம் எதையும் அவர் படித்திருக்கவில்லை. படிக்கவும் அப்படி ஒன்று இல்லை.

ஒப்படைக்கப்பட்டவர்கள் 874 பேர். மகப்பேற்றுக்கு வந்தவர்களையும் மனநலக் கண்காணிப்பில் இருந்தவர்களையும் கழித்தால் 714 பேர் 'நாள்பட்ட நோயாளிகள்'. பலர் ஆண்டுக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்காதவர்கள். என்ன நோய் என்று சரியாக எழுதிவைத்த தாள்கூடக் கிடையாது. வாரன் செய்தது வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமில்லை: ஒவ்வொருவரையும் உடல் முழுக்கப் பரிசோதித்தார். நோய் என்ன, எது தீரும், எது தீராது என்று வகை பிரித்தார். தீரக் கூடியதற்கு வைத்தியம், நடக்கக் கூடியவருக்கு நடைப்பயிற்சி. வார்டுச் சுவர்களுக்கு வெளிர் வண்ணம் பூசச் சொன்னார். நல்ல விளக்கு, பிடித்து நடக்கக் கைப்பிடி, நிறம் நிறமாகப் படுக்கை விரிப்பு, பகலில் உட்கார நாற்காலி. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டவர்களைக்கூட எழுப்பி உட்காரவைத்து, பிறகு நிற்கவைத்தார். வாரக்கணக்கில் வேலை நடந்ததும் ஒரு பகுதியினர் எழுந்து நடந்தார்கள். சிலர் வீட்டுக்கே போனார்கள். நாள்பட்டவர்களுக்கென்று இருந்த 714 படுக்கைகள் காலப்போக்கில் 240 ஆகக் குறைந்தன. அந்தப் படுக்கைகளில் ஆள் மாறும் வேகமோ மூன்று மடங்கானது.

இவற்றை அவர் 1943இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலும் 1946இல் லான்செட்டிலும் கட்டுரையாக எழுதினார். முதியோர் மருத்துவம் என்ற துறை பிரிட்டனில் பிறந்தது அந்தப் பக்கங்களில்தான். யாரும் அவரைப் படுக்கை காலிசெய்யச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நோயாளிக்கு வைத்தியம் பார்த்தார், படுக்கை தானாகக் காலியானது. பின்னால் வந்த நிர்வாகிகள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் இடறினார்கள்.

எசெக்ஸ் மாவட்டத்தின் ஆர்செட்டில் லயனல் கோசின் செய்ததும் இதே ரகம். அவரும் அறுவை மருத்துவர்தான். போர்க்காலத்தில் நாள்பட்ட நோயாளிகள் வார்டு அவர் பொறுப்பில் வந்தது. இடுப்பெலும்பு முறிந்த கிழவிகளைப் படுக்கவைத்தே சாகவிடும் வழக்கத்தை மாற்றி, அறுவை செய்து உடனே நடக்கவிட்டார். அங்கே ஒருவர் சராசரியாகத் தங்கும் காலம் 286 நாளிலிருந்து 51 நாளாகக் குறைந்தது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் கௌலி ரோடு மருத்துவமனைக்குப் போனார். அதுவும் பழைய ஏழை விடுதிதான். 1958இல் அங்கே அவர் திறந்தது பகல்நேர மருத்துவமனை. காலையில் வந்து சிகிச்சையும் பயிற்சியும் பெற்று மாலையில் வீடு திரும்பும் ஏற்பாடு. டிஸ்சார்ஜ் ஆகிறவரை ஒரேயடியாகக் கைகழுவாமல், ஒரு கையால் பிடித்துக்கொண்டே அனுப்பிவைக்கும் முறை என்றும் சொல்லலாம். வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் மூச்சுவிட்டுக்கொள்ள, முதியவரைச் சில வாரம் உள்ளே, சில வாரம் வெளியே என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் முறையையும் அவர் நடத்தினார். கவனிக்கும் மகள் களைத்துப் படுத்துவிட்டால் முதியவர் நிரந்தரமாக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இடையில் 1947 டிசம்பரில் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர், படுக்கையின் ஆபத்துகளைப் பற்றி இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். படுத்தே கிடந்தால் ரத்தம் உறையும், நுரையீரலில் சளி கட்டும், தசை கரையும், மலம் கட்டும், மனம் சோரும் என்று ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக் கிண்டலும் கோபமுமாகச் சொல்லிக்கொண்டு போகும் எழுத்து. படுக்கைதான் வைத்தியம் என்று நம்பிய தலைமுறைக்கு ஆஷரின் எழுத்து ஓர் அதிர்ச்சி. 2018இல் என்.எச்.எஸ். வார்டுகளில் 70 நாள் இயக்கம் ஒன்று நடந்தது: நோயாளிகளைப் பகலில் பைஜாமாவைக் கழற்றிச் சொந்த உடை உடுத்தி எழுந்து நடமாடச் சொல்லும் இயக்கம். ஆஷர் எழுதி 70 ஆண்டு கழித்தும் அதைச் சொல்லவேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில் 1948 வந்தது. வாரனும் கோசினும் காட்டிய வழி மருத்துவமனைக்குள் இருந்தது. புதிய கோடோ மருத்துவமனைக்கு வெளியே இருந்தது. இவர் 'நோயாளி'யா, 'பராமரிப்பு வேண்டுபவர்' மட்டுமா என்பதை வைத்துச் செலவு யாருடையது என்று முடிவாகும். ஆகவே இரண்டு தரப்பும் அந்த மூதாட்டியை எதிர்த் தரப்பின் பக்கம் தள்ளின. மருத்துவமனை, "இவருக்கு வைத்தியம் முடிந்துவிட்டது" என்றது. உள்ளாட்சி, "இவர் இன்னும் நோயாளிதானே" என்றது. எல்லையை விளக்கி அமைச்சகம் அவ்வப்போது சுற்றறிக்கை அனுப்பியும் சச்சரவு ஓயவில்லை. பீட்டர் டவுன்செண்ட் என்ற சமூகவியலாளர் 173 இல்லங்களைச் சுற்றிப் பார்த்து 1962இல் எழுதிய நூல், பெவன் கனவு கண்ட ஓட்டல்கள் பலவும் பழைய ஏழை விடுதிகளின் சுவர்களுக்குள்ளேயே நடந்துவந்ததை அம்பலப்படுத்தியது.

வைத்தியத்தின் பக்கத்திலும் ஒரு குறை இருந்தது. முதியோர் மருத்துவம் பிரிட்டிஷ் மருத்துவர்கள் விரும்பிப் போகிற துறையாக இல்லை. இதயம், நரம்பு என்று மதிப்புள்ள துறைகளின் கதவு வெளிநாட்டாருக்கு எளிதில் திறக்காத காலத்தில், இந்தியா, இலங்கை, பாகிஸ்தானிலிருந்து போன மருத்துவர்கள் பெரும் எண்ணிக்கையில் இந்தத் துறையில் சேர்ந்தார்கள். பழைய ஏழை விடுதிக் கட்டடங்களில் முதியோர் வார்டுகளைக் கட்டியெழுப்பியதில் அவர்களுடைய பங்கு கணிசமானது. அந்த அறிவு இந்தப் பக்கமும் வந்தது. பிரிட்டனில் முதியோர் மருத்துவம் பயின்ற டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்தத் துறைக்கு எம்.டி. படிப்பும் வந்தது.

பிரிட்டனுக்குத் திரும்புவோம். 1974இல் என்.எச்.எஸ். மாற்றியமைக்கப்பட்டபோது, ஆல்மனர்களின் வாரிசுகளான மருத்துவ சமூகப் பணியாளர்கள் மருத்துவமனையின் ஊழியர் பட்டியலிலிருந்து உள்ளாட்சியின் பட்டியலுக்கு மாற்றப்பட்டார்கள். காகிதத்தில் சின்ன மாற்றம். ஆனால் நோயாளி வந்த அன்றே வீட்டு நிலவரம் விசாரித்து வழி தேடுகிறவர், இப்போது இன்னொரு நிறுவனத்தின் ஆள்.

எண்பதுகளில் இன்னொரு திருப்பம். தனியார் இல்லங்களில் சேரும் வசதியற்றவர்களின் கட்டணத்தைச் சமூகப் பாதுகாப்பு நிதியே கட்டத் தொடங்கியது. தேவை உண்டா என்று யாரும் மதிப்பிட வேண்டியதில்லை. 1979இல் 1 கோடி பவுண்டாக இருந்த அந்தச் செலவு பத்துச் சொச்சம் ஆண்டுகளில் 100 கோடியைத் தாண்டியது. மருத்துவமனைகள் நாள்பட்டோர் வார்டுகளை மகிழ்ச்சியோடு மூடின. இலவசக் கட்டிலில் இருந்தவர்கள் சத்தமில்லாமல் கட்டணக் கட்டிலுக்கு மாறினார்கள். நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் எதுவும் இல்லாமல் இவ்வளவு பெரிய கொள்கை மாற்றம் நடந்துவிட்டது. அரசு விழித்துக்கொண்டு செய்ன்ஸ்பரி பல்பொருள் அங்காடியின் நிர்வாகி ராய் கிரிஃபித்ஸிடம் யோசனை கேட்டது. அவர் 1988இல் கொடுத்த அறிக்கையின் வழியே 1990ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 1993 ஏப்ரலில் பொறுப்பும் பணமும் உள்ளாட்சியிடம் போயின. மறு ஆண்டே லீட்ஸில் ஒரு வழக்கு வெளிச்சத்துக்கு வந்தது: மூளை கடுமையாகச் சேதமான ஒருவரை மருத்துவமனை தனியார் இல்லத்துக்கு அனுப்பிவிட, மனைவி தன் கைப்பணத்தைக் கட்டவேண்டியதாயிற்று. சுகாதாரத் துறையின் குறைதீர்ப்பாளர், இது சுகாதார ஆணையம் கடமை தவறிய செயல் என்றார். எவர் எப்போது இலவசப் பராமரிப்புக்கு உரியவர் என்று ஒவ்வொரு சுகாதார ஆணையமும் விதி எழுதிவைக்க வேண்டும் என்று 1995இல் உத்தரவு வந்தது.

இதற்கிடையே படுக்கைகள் குறைந்துகொண்டே வந்தன. 1987-88இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 2,99,000. கோவிட்டுக்கு முன் 1,41,000. நவீன வைத்தியத்தில் தங்கும் நாள் குறைந்தது உண்மைதான். ஆனால் நெருக்கடிக்கு உதவும் உபரி இடமும் போய்விட்டது. 1999இல் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரி ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள். சராசரியாக 85 சதவீதப் படுக்கைகள் நிரம்பியிருந்தால் அவசர நோயாளிக்கு இடமில்லாத நாள் தலைகாட்டத் தொடங்கும். 90 சதவீதத்தைத் தாண்டினால் நெருக்கடி அடிக்கடி வரும் என்று தெரிந்தது. மருத்துவமனை ஓர் ஏரி என்றால், நீர் வரும் கால்வாயைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். மதகு அடைத்துக்கொண்டால் கரை எங்கே உடையும் என்பதுதான் கேள்வி. மருத்துவமனையில் அது உடையும் இடம் வாசல்: அவசரப் பிரிவின் தாழ்வாரத்தில் ஸ்ட்ரெச்சர், வெளியே வரிசையில் ஆம்புலன்ஸ்.

மதகைத் திறக்க ஸ்வீடன் ஒரு வழி வைத்திருந்தது. 1992இல் அங்கே வந்த சீர்திருத்தத்தின்படி, வைத்தியம் முடிந்த முதியவர் ஐந்து வேலைநாளுக்கு மேல் மருத்துவமனையில் தங்கினால் அந்தச் செலவை நகராட்சி கட்ட வேண்டும். 2018இல் அந்தத் தவணையை மூன்று நாளாகவும் குறைத்தார்கள். இங்கிலாந்து அதைப் பார்த்து 2003இல் சட்டம் போட்டது. 2004 ஜனவரியிலிருந்து, ஏற்பாடு செய்யத் தவறும் உள்ளாட்சி ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 100 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும். லண்டனிலும் தென்கிழக்கிலும் 120. ஆனால் ஸ்வீடனில் நகராட்சிகளுக்குப் பொறுப்போடு நிதியையும் ஊழியரையும் மாற்றியிருந்தார்கள். இங்கிலாந்தில் உள்ளாட்சிகளுக்கு ஆண்டுக்கு 10 கோடி பவுண்டு ஈட்டுத்தொகையும் அபராதச் சீட்டும் கிடைத்தன. தாமதம் ஓரளவு குறைந்தது. கூடவே, இந்தத் தாமதம் யார் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்ற தொலைபேசிச் சண்டையும் வளர்ந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அபராத முறையையே ஒழித்துவிட்டது.

உருப்படியான மாற்றம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஷெஃபீல்டின் நார்தர்ன் ஜெனரல் மருத்துவமனையில் முதியோர் மருத்துவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். வீட்டில் குளியலறை எப்படி, படி எத்தனை, கெட்டிலைத் தூக்க முடிகிறதா என்பதையெல்லாம் வார்டில் வைத்து ஏன் சோதிக்க வேண்டும்? பழக்கமில்லாத வார்டு அடுப்படியில் தடுமாறுகிறவர் தன் சொந்த அடுக்களையில் கண்ணை மூடிக்கொண்டு தேநீர் போடுவார். முதலில் வீட்டுக்கு அனுப்பு, அன்றைக்கே பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும் என்று வரிசையை மாற்றினார்கள். பிறகு நாடு முழுவதும் அது கொள்கையானது. முதியோர் மருத்துவர் இயன் ஸ்டர்ஜஸ் இன்னொரு எளிய கணக்கைக் கொண்டுவந்தார்: நோயாளியை வீட்டை நோக்கி நகர்த்தும் காரியம் ஏதாவது நடந்த நாள் பச்சை, ஒன்றும் நடக்காமல் ஸ்கேனுக்கோ கையெழுத்துக்கோ காத்திருந்த நாள் சிவப்பு. வார்டுப் பலகையில் சிவப்பு வரிசை நீளும்போது, பழியை உள்ளாட்சியின் மீது மட்டும் போட முடியாது. காலை ரவுண்டு பதினொன்றுக்கு, மருந்துச் சீட்டு மதியம் இரண்டுக்கு, மருந்து வருவது மாலை ஐந்துக்கு என்று நாளைத் தின்பது மருத்துவமனையே.

2020இல் வந்த அரசு வழிகாட்டி, டிஸ்சார்ஜ் ஆகிறவர்களை நான்கு வழிகளாகப் பிரித்தது. பாதிப் பேர் எந்த உதவியுமின்றி வீடு போகலாம். 45 சதவீதம் பேர் உதவியோடு வீட்டுக்கு. 4 சதவீதம் பேர் சில வாரம் பயிற்சிப் படுக்கைக்கு. நிரந்தர இல்லம் தேவைப்படுகிறவர் 1 சதவீதமே. ஆஸ்பத்திரியை உறையவைக்கும் 'சிக்கலான டிஸ்சார்ஜ்' இந்த இரண்டாவது வகையின் ஒரு பகுதியும் கடைசி இரண்டு வகைகளும்தான். ஆள் கொஞ்சம், நாள் அதிகம்.

அதே 2020 மார்ச் 17ஆம் தேதி, கோவிட் அலைக்கு இடம் வேண்டி, என்.எச்.எஸ். தலைமை ஒரு கடிதம் எழுதியது. வைத்தியம் முடிந்தவர்களை உடனே அனுப்பி 15,000 படுக்கைகள்வரை காலிசெய்ய வேண்டும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய பராமரிப்புச் செலவை அரசே ஏற்றது. யார் கட்டுவது என்ற கேள்வி போனவுடன், ஆண்டுக்கணக்கில் நகராத படுக்கைகள் நாட்கணக்கில் காலியாயின. கோடு எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டார்கள். ஏப்ரல் 15 வரையான அந்த நான்கு வாரத்தில் சுமார் 25,000 பேர் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எல்லோருக்கும் கோவிட் பரிசோதனை செய்யும் விதி அப்போது கிடையாது. இல்லங்களில் தந்தையரை இழந்த இரு பெண்கள் வழக்குப் போட்டார்கள். அறிகுறி இல்லாதவரும் தொற்றைப் பரப்பக் கூடும் என்ற ஆபத்தைக் கணக்கில் எடுக்காத அந்தக் கொள்கை சட்டவிரோதமானது என்று 2022 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேகமாக அனுப்புவதும் பத்திரமாக அனுப்புவதும் ஒன்றல்ல.

பணத்தை மட்டும் குற்றஞ்சொல்லவும் முடியாது. ஸ்காட்லாந்து 2002இலிருந்து முதியோருக்கு உடல் பராமரிப்பை இலவசமாக்கியிருக்கிறது. அங்கும் டிஸ்சார்ஜ் தாமதம் ஒழியவில்லை. காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிவிட ஆள் இல்லையென்றால் இலவசமும் உதவாது. அந்த வேலைக்கு வரும் சம்பளம் அங்கே பல ஊர்களில் கடைக் கல்லாவில் நிற்பவருக்குக் கிடைப்பதைவிடப் பெரிதல்ல.

2024 செப்டம்பரில் அரசுக்கு அறிக்கை கொடுத்த அறுவை மருத்துவர் ஆரா டார்சி, என்.எச்.எஸ். படுக்கைகளில் 13 சதவீதம், வேறிடத்தில் இருக்க வேண்டியவர்களால் நிரம்பியிருப்பதாகச் சொன்னார். 2025 ஜனவரியில் வயதுவந்தோருக்கான சமூகப் பராமரிப்பை ஆராய லூயிஸ் கேசி தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. இறுதி அறிக்கைக்கு 2028 வரை அவகாசம் தரப்பட்டது. இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்துள்ள ஒருவர் இன்றும் தம் பராமரிப்புச் செலவு முழுவதையும் தாமே கட்ட வேண்டும். அந்த வரம்பை 2010க்குப் பிறகு யாரும் உயர்த்தவில்லை.